ஊருணியும் வீட்டுக் கிணறும்

நுழையும்முன்

உறவினர் வீட்டிற்குச் சென்ற இடத்தில் திறன்பேசியின் மின்னாற்றல் தீர்ந்துவிடுகிறது. மின்னேற்றியைக் கேட்கிறோம், அவர்களும் அன்புடன் தருகிறார்கள், ஆனால் முனை பொருந்தவில்லை. சுவரில் மின்சாரம் இருக்கிறது, கையில் திறன்பேசி இருக்கிறது, இரண்டிற்கும் இடையே ஒரு சிறு துளையின் வடிவம் குறுக்கே நிற்கிறது. இதே தவிப்பு ஒரு நெடுஞ்சாலையில், நள்ளிரவில், குழந்தைகள் உறங்கும் மகிழுந்தில் நேர்ந்தால் எப்படி இருக்கும்? மின்மகிழுந்துகளின் அண்மைக்கால வரலாற்றில் பெரும்பகுதி இந்தத் துளையைப் பற்றியதே. அதனை வைத்திருப்பவர் யார், பிறருக்குத் திறந்துவிடுபவர் யார், திறந்துவிடுவதால் இழப்பவர் யார் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

கல்நெய்க் கடையும் மின்னேற்ற நிலையமும்

பெட்ரோலில் ஓடும் மகிழுந்தை உருவாக்கிய எந்த நிறுவனமும் ஊர்தோறும் பெட்ரோல் நிலையம் திறக்க வேண்டிய தேவை எழவில்லை. எண்ணெய் நிறுவனங்கள் தனியே இருந்தன. அவை எல்லா ஊர்திகளுக்கும் எரிபொருள் விற்றன. நிலையத்திற்குள் நுழையும் ஊர்தி எந்த நிறுவனத்துடையது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. இது நமக்கு மிகவும் இயல்பானதாகத் தோன்றுவதால், இப்படி ஒரு கேள்வி எழக்கூடும் என்பதையே நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

மின்மகிழுந்தின் நிலை வேறு. அதற்குரிய ஆற்றல் வீட்டிலேயே இருக்கிறது. இரவில் செருகி வைத்தால் காலையில் ஊர்தி ஆயத்தமாக நிற்கும். இதனை வீட்டுக் கிணறு எனலாம். நாள்தோறும் அலுவலகம் சென்று திரும்புபவருக்கு இக்கிணறே போதும். ஆனால் நெடுந்தொலைவு பயணம் செய்பவருக்கும், தனக்கென ஊர்தி நிறுத்துமிடம் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பாளருக்கும் வீட்டுக் கிணறு உதவாது. அவர்களுக்கு வேண்டியது ஊருணி. அதாவது பொது மின்னேற்ற நிலையம்.

இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு மகிழுந்தின் மின்கல அடுக்கு 60 கிலோவாட் மணி ஆற்றலைத் தேக்கிவைப்பது எனக் கொள்வோம். வீட்டில் 7 கிலோவாட் திறனில் அதனை நிரப்ப ஏறத்தாழ எட்டரை மணி நேரம் ஆகும். வீட்டிற்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். மின்கலம் ஏற்பதோ நேர்திசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி ஊர்திக்குள்ளேயே இருக்கிறது. எடை கருதி அது சிறிதாக அமைக்கப்படுவதால் அதன் திறனும் குறைவு. விரைவு மின்னேற்ற நிலையத்தில் அக்கருவி ஆளுயரப் பேழைக்குள் தரையில் நிற்கிறது. அங்கிருந்து நேர்திசை மின்னோட்டம் நேரடியாக மின்கலத்திற்குச் செல்கிறது. 150 கிலோவாட் திறனுடைய நிலையத்தில் அதே மின்கலத்தின் பெரும்பகுதியை ஏறத்தாழ அரைமணி நேரத்திற்குள் நிரப்பிவிடலாம்.

பெரும்பகுதி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காலியான பேருந்தில் முதலில் ஏறுபவர்கள் விரைந்து அமர்ந்துவிடுகிறார்கள். இருக்கைகள் நிரம்ப நிரம்ப, அடுத்து வருபவர் இடம் தேடித் தயங்கி நகர வேண்டியிருக்கிறது. லித்தியம் அயனிகளும் மின்கலத்திற்குள் ஏறத்தாழ அவ்வாறே நடந்துகொள்கின்றன. பத்தில் எட்டுப் பங்கு நிரம்பியபின் மின்னேற்றத்தின் வேகம் வெகுவாகக் குறைகிறது. ஆகவே நெடும்பயணம் செல்வோர் முழுமையாக நிரப்பக் காத்திராமல், எண்பது விழுக்காட்டில் புறப்பட்டு அடுத்த நிலையத்தில் மீண்டும் நிரப்புவர். அடுத்த நிலையம் கட்டாயம் இருக்கும், அது இயங்கும் என்ற உறுதி இருந்தால்தான் இவ்வாறு செய்ய முடியும்.

முந்திச் செல்லும் வலிமை

ஒரு நிறுவனத்திடம் இருப்பதும் பிற நிறுவனங்கள் எளிதில் பெற இயலாததும் எதுவோ, அதுவே அந்நிறுவனத்தின் போட்டி வலிமை. மின்மகிழுந்துத் தொழிலில் இவ்வலிமை முதலில் மின்கலத்தில் இருந்து பிறக்கிறது. 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் வெளியிட்ட ரோட்ஸ்டர் என்னும் மகிழுந்தின் மின்கல அடுக்கில், மடிக்கணினிகளில் பயன்பட்ட வகையைச் சேர்ந்த 6,831 சிறு மின்கலங்கள் இருந்தன. அத்தனை மின்கலங்களையும் சூடேறாமல், தீப்பற்றாமல், ஒரே சீராக இயக்குவதே அந்நிறுவனம் கற்ற முதல் கலை. சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனமோ எதிர்த்திசையிலிருந்து வந்தது. வாங் சுவான்ஃபூ 1995-இல் தொடங்கியபோது அது மின்கலத் தொழிற்சாலை மட்டுமே. மகிழுந்துத் தொழிலில் அது நுழைந்தது 2003-இல்தான். மின்கலத்தைப் பிறரிடம் வாங்காமல் தானே உருவாக்கும் ஆற்றல் இன்றும் அதன் முதன்மை வலிமையாக விளங்குகிறது.

மென்பொருள், உற்பத்தி முறை, விற்பனை முறை எனப் பிற வலிமைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் தனித்தன்மை உடையது. மின்கலத்தைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் பயன் கொடுத்தவருக்குக் குறையும். மின்னேற்ற வலையமைப்பைப் பிறருக்குத் திறந்துவிட்டால் அதன் பயன் குறையுமா, கூடுமா என்பது எளிதில் விடை சொல்ல முடியாத கேள்வி.

தனக்கென வெட்டிய குளம்

2012-ஆம் ஆண்டு டெஸ்லா தன் மாடல் எஸ் மகிழுந்தை வெளியிட்டபோது வாங்க வந்தவர்களின் மனத்தில் ஓர் அச்சம் இருந்தது. நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? மகிழுந்து எவ்வளவு சிறந்ததாயினும் இந்த அச்சத்தைப் போக்காமல் அதனை விற்க முடியாது. வழியெங்கும் நிலையம் அமைக்க வேறு எவரும் முன்வரவில்லை. சாலையில் ஊர்தியே இல்லாதபோது நிலையம் அமைப்பவருக்கு வருவாய் ஏது? நிலையம் இல்லாததால் ஊர்தி விற்கவில்லை; ஊர்தி விற்காததால் நிலையம் வரவில்லை. இச்சுழலை அறுக்க அந்நிறுவனம் தானே களத்தில் இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஆறு நிலையங்களைத் திறந்தது. ‘சூப்பர்சார்ஜர்’ எனப் பெயரிட்டது. அச்செருகி டெஸ்லா மகிழுந்துகளுக்கு மட்டுமே பொருந்தும்.

அடுத்த பத்தாண்டுகளில் அக்குளம் பெருகியது. அதன் சிறப்பு எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஓட்டுநர் செருகியைச் செருகினால் போதும். ஊர்தி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். கட்டணம் தானாகக் கணக்கில் ஏறும். எந்த நிலையத்தில் எத்தனை இடம் காலியாக உள்ளது என்பது ஊர்தியின் திரையில் தெரியும். நிலையத்தை நெருங்கும்போது மின்கலத்தை ஏற்ற வெப்பநிலைக்குக் கொண்டுவரும் பணியையும் ஊர்தியே தொடங்கிவிடும். ஊர்தி, செருகி, நிலையம், மென்பொருள் ஆகிய நான்கும் ஒரே கையில் இருந்ததால் அமைந்த ஒழுங்கு இது. பிற நிறுவனங்களின் ஊர்தியை வாங்கியவரோ, நிலையத்திற்கு ஒரு செயலி, அட்டைக்கு ஓர் உறுப்பினர் எண் எனத் தடுமாறிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் பலர் டெஸ்லாவைத் தேர்ந்தமைக்கு மகிழுந்தைக் காட்டிலும் இவ்வலையமைப்பே காரணமாயிற்று என்று கூறினால் அது மிகையாகாது.

செருகிகளின் பூசல்

டெஸ்லா தனிவழி சென்றதற்கு அதன் தன்முனைப்பு மட்டும் காரணமன்று. அன்று எல்லாரும் ஏற்ற பொதுச் செருகி ஒன்று இருக்கவில்லை. டோக்கியோ மின்னாற்றல் நிறுவனமும் நிசான், மிட்சுபிஷி முதலிய ஜப்பானிய மகிழுந்து நிறுவனங்களும் இணைந்து 2010-இல் ‘சாடெமோ’ என்னும் தரநிலையை முன்வைத்தன. ஜெர்மானிய, அமெரிக்க நிறுவனங்கள் அதனை ஏற்காமல், ஏற்கெனவே இருந்த மாறுதிசை மின்னோட்டச் செருகியின் அடியில் இரு பெரிய முனைகளைச் சேர்த்து ‘சி.சி.எஸ்.’ என்னும் வேறொரு தரநிலையை உருவாக்கின. அதிலும் ஐரோப்பாவிற்கு ஒரு வடிவம், அமெரிக்காவிற்கு மற்றொரு வடிவம். சீனா தனக்கெனத் தேசியத் தரநிலையை வகுத்துக்கொண்டது.

தெரிந்து தெளிவோம்
சாடெமோ என்னும் பெயர் ‘தேநீராவது அருந்தலாமே’ என்னும் பொருள்தரும் ஜப்பானியத் தொடரை நினைவூட்டும் சிலேடையாகும். மின்னேற்றம் முடிவதற்குள் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிடலாம் என்பது அதன் உட்குறிப்பு.

வடிவம் மட்டும் மாறுபட்டிருந்தால் இடையில் ஒரு மாற்றுமுனையைப் பொருத்திச் சரிசெய்திருக்கலாம். ஆனால் விரைவு மின்னேற்றத்தில் ஊர்தியும் நிலையமும் இடைவிடாது உரையாடுகின்றன. ‘இப்போது இவ்வளவு மின்னோட்டம் போதும், வெப்பம் ஏறுகிறது, குறைத்துக்கொள்’ என ஊர்தி சொல்லச் சொல்ல நிலையம் கேட்டு நடக்க வேண்டும். சாடெமோ பேசும் மொழி ஒன்று, சி.சி.எஸ். பேசும் மொழி மற்றொன்று. துளை பொருந்தினாலும் பேச்சு புரியாவிட்டால் ஒரு துளி மின்சாரமும் பாயாது.

நம் முன்னோர் இதுபோன்ற ஒரு சிக்கலை நன்கு அறிவர். தமிழ்நாட்டின் இருப்புப்பாதைகளில் பல, மீட்டர் பாதையாகவும் சில அகலப் பாதையாகவும் இருந்த காலத்தில், இருவகைப் பாதைகளும் சந்திக்கும் இடங்களில் சரக்கை ஒரு பெட்டியிலிருந்து இறக்கி மற்றொரு பெட்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. 1992-இல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்திற்குப் பின்னரே அச்சுமை பெரிதும் நீங்கியது. முதலில் சிக்கனம் கருதி எடுத்த ஒரு முடிவைத் திருத்தப் பின்வந்தவர்கள் எவ்வளவு செலவிட வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க.

இச்சிக்கலை ஐரோப்பா சட்டத்தால் தீர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வகுத்த நெறிமுறை, பொது விரைவு மின்னேற்ற நிலையங்களில் சி.சி.எஸ். செருகி இருத்தல் வேண்டும் எனப் பணித்தது. 2017-இல் பி.எம்.டபிள்யூ., டைம்லர், ஃபோர்டு, வோக்ஸ்வாகன் குழுமம் ஆகியன ஒன்றுகூடி ‘அயோனிட்டி’ என்னும் பொது வலையமைப்பைத் தொடங்கின. சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்த முயலும் நிறுவனங்கள் சாலையோரத்தில் மட்டும் கூட்டாளிகள் ஆயின. டெஸ்லாவும் பணிந்தது, ஐரோப்பாவில் விற்ற மாடல் 3 மகிழுந்தில் சி.சி.எஸ். துளையையே அமைத்தது. சீனாவில் விற்ற மகிழுந்துகளில் சீனத் துளை. ஒரே நிறுவனம் மூன்று கண்டங்களில் மூன்று முகங்களுடன் நின்றது. சட்டம் இருந்த இடங்களில் அது பொதுவழியை ஏற்றது. சட்டம் இல்லாத தாயகத்தில் தன்வழியிலேயே நடந்தது.

கதவு திறந்தது எவ்வாறு?

சீனத்து நிலையைச் சற்று நோக்குவோம். அங்குச் செருகி தொடக்கத்திலிருந்தே நாட்டிற்குப் பொதுவானது. ஆகவே ‘என் நிலையம், உன் நிலையம்’ என்ற போட்டி நிறுவனங்களிடையே பெரிதாக வளர இடமில்லை. அவை மின்கலத்தின் விலையிலும் தரத்திலும் மோதிக்கொண்டன. பி.ஒய்.டி. 2020-இல் அறிமுகப்படுத்திய வாள் வடிவ நீண்ட மின்கலம் அம்மோதலில் பிறந்த கருவிகளுள் ஒன்று. பொதுவாக்கப்பட்ட பொருள் போட்டியை ஒழிப்பதில்லை. போட்டியை வேறு களத்திற்கு நகர்த்துகிறது.

அமெரிக்காவில் கதவு மெல்லத் திறந்தது. 2014 ஜூன் மாதத்தில் டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க், நல்லெண்ணத்துடன் தம் காப்புரிமைகளைப் பயன்படுத்துவோர் மீது வழக்குத் தொடரப் போவதில்லை என அறிவித்தார். ஆயினும் பெரிய நிறுவனம் எதுவும் அச்செருகியை அப்போது ஏற்கவில்லை. போட்டியாளரின் செருகியைத் தம் ஊர்தியில் பொருத்துவது அவருடைய முத்திரையைத் தாமே நெற்றியில் இட்டுக்கொள்வது போன்றது என அவை கருதியிருக்கலாம். 2021 நவம்பரில் நெதர்லாந்து நாட்டில் பத்து நிலையங்களைப் பிற நிறுவன ஊர்திகளுக்கு டெஸ்லா சோதனையாகத் திறந்துவிட்டது. செருகி பொதுவாக இருந்த ஐரோப்பாவில் அதற்கு வேண்டியிருந்தது மென்பொருள் மாற்றம் மட்டுமே.

அதே மாதத்தில் அமெரிக்க அரசு பொது மின்னேற்ற வலையமைப்பிற்கென 750 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. அப்பணத்தைப் பெற வேண்டுமாயின் நிலையம் ஒரே நிறுவனத்தின் ஊர்திகளுக்கு மட்டும் உரியதாக இருத்தல் ஆகாது. 2023 பிப்ரவரியில் வெளியான விதிகள் நெடுஞ்சாலை நிலையங்களில் குறைந்தது நான்கு செருகிகள், ஒவ்வொன்றும் 150 கிலோவாட் திறன், ஆண்டில் 97 விழுக்காட்டு நேரம் பழுதின்றி இயங்குதல் என வரையறுத்தன. இதற்கிடையே 2022 நவம்பரில் டெஸ்லா தன் செருகியின் வடிவமைப்பை வெளியிட்டு, அதற்கு ‘வட அமெரிக்க மின்னேற்றத் தரநிலை’ எனப் பெயரிட்டிருந்தது. தன் வீட்டு வழக்கத்திற்கு நாட்டின் பெயரைச் சூட்டிய அத்துணிவை அன்று நகைத்தவரும் உண்டு. ஆனால் 2023 மே மாதம் ஃபோர்டு நிறுவனம் அதனை ஏற்பதாக அறிவித்தது. ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் தொடர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அமெரிக்கச் சந்தையில் விற்கும் பெரும் நிறுவனங்கள் ஏறத்தாழ அனைத்தும் இணைந்தன. அமெரிக்கப் பொறியாளர் கழகம் அதனைத் தரநிலையாக்கும் பொறுப்பை ஏற்றதால், செருகியின் எதிர்காலம் ஒரே நிறுவனத்தின் விருப்பத்தைச் சார்ந்திராத நிலை உருவானது.

தன் முதன்மை வலிமையை டெஸ்லா ஏன் பகிர்ந்தது? அதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கொள்ளல் பொருந்தாது. நிலையம் அமைப்பதில் நிலம், மின்மாற்றி, கம்பிவடம் எனச் செலவின் பெரும்பகுதி முன்கூட்டியே ஆகிவிடுகிறது. ஊர்தி வந்தாலும் வாராவிட்டாலும் அச்செலவு குறையாது. நான்கு நிறுவனங்கள் 400 கிலோமீட்டர் சாலையில் ஆளுக்குப் பத்து நிலையங்கள் அமைப்பதாகக் கொள்வோம். தனித்தனியே இருந்தால் ஒவ்வோர் ஓட்டுநருக்கும் 40 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். பல நேரங்களில் அது காலியாகவும் கிடக்கும். பகிர்ந்துகொண்டால் 10 கிலோமீட்டருக்கு ஒன்று. பயன்படுத்துவோர் பெருகப் பெருக வலையமைப்பின் மதிப்பு எல்லாருக்கும் உயர்கிறது. மின்சாரம் விற்ற வருவாய் நிலையத்தின் உரிமையாளருக்கே சேர்கிறது. பிற நிறுவன ஊர்திகளிடம் சற்று உயர்ந்த கட்டணமும் பெறலாம். அரசின் உதவியும் கிட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தன் செருகி நாட்டின் செருகியாகிவிட்டது.

இழப்பும் உண்டு. தமக்கென்று இருந்த நிலையத்தில் வேற்றூர்திகள் வரிசையில் நிற்பதைப் பழைய வாடிக்கையாளர்கள் விரும்பவில்லை. வரிசையைவிட நகைப்பிற்குரிய ஒரு சிக்கல் கம்பிவடத்தின் நீளத்தில் எழுந்தது. டெஸ்லா மகிழுந்துகளில் செருகுதுளை பின்புற இடப்பக்க மூலையில் இருக்கும். ஆகவே நிலையத்தின் வடம் அவ்விடத்தை மட்டும் எட்டும்படி குட்டையாக அமைக்கப்பட்டிருந்தது. முன்பக்கத்தில் துளையுடைய வேற்றூர்தி வந்தால் வடம் எட்டாது; அது கோணலாக நின்று இரு இடங்களை அடைத்துக்கொள்ளும். பொதுமைக்கென வடிவமைக்கப்படாத ஒன்றைப் பின்னாளில் பொதுவாக்கும்போது இத்தகைய சிறு இடர்கள் மூலைதோறும் ஒளிந்திருக்கும். பிந்தைய தலைமுறை நிலையங்களில் நீண்ட வடங்கள் வந்துள்ளன.

வேறோர் இடர் இவ்வளவு எளிதில் தீரக்கூடியதன்று. 2024 ஏப்ரல் இறுதியில் டெஸ்லா தன் மின்னேற்றப் பிரிவின் ஏறத்தாழ 500 பணியாளர்களை ஒரே நாளில் நீக்கியது. அவர்களுள் சிலரை அது பின்னர் மீண்டும் அழைத்துக்கொண்டது. ஆயினும் அவ்வலையமைப்பை நம்பித் தம் ஊர்திகளின் வடிவத்தையே மாற்றத் தொடங்கியிருந்த நிறுவனங்கள் திகைத்தன. குளம் ஊருக்குத் திறக்கப்பட்டிருந்தாலும் அதன் மதகின் திறவுகோல் ஒரு வீட்டில்தான் தொங்குகிறது என்பதை அன்று எல்லாரும் உணர்ந்தனர். பி.எம்.டபிள்யூ., ஹோண்டா, ஹூண்டாய் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் இணைந்து வட அமெரிக்காவில் குறைந்தது 30,000 செருகிகள் கொண்ட தனி வலையமைப்பை உருவாக்கப்போவதாக 2023-லேயே அறிவித்திருந்தன. அம்முடிவின் முன்னறிவு அப்போதுதான் பலருக்கும் விளங்கியது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரு வழிகள்

நம் நாட்டில் மகிழுந்தைவிட இருசக்கர ஊர்திகளே மிகுதி. ஆகவே செருகிப் பூசலும் அங்கேயே முதலில் தலைகாட்டியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் ஆகிய இருவர் 2013-இல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜி நிறுவனத்தின் தொழிற்சாலை ஒசூரில் உள்ளது. டெஸ்லாவைப் போலவே அதுவும் ஊர்தியோடு சேர்த்து விரைவு மின்னேற்ற வலையமைப்பையும் அமைத்தது. தனக்கெனச் செருகியும் வடிவமைத்தது. ஆனால் டெஸ்லாவுக்குப் பத்தாண்டு பிடித்த முடிவை அது விரைவில் எடுத்தது. 2021-இல் தன் செருகியின் வடிவமைப்பைப் பிற நிறுவனங்கள் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அதனை அடிப்படையாகக் கொண்ட தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் ஏற்றது. ஏத்தரில் முதலீடு செய்திருந்தாலும் அதற்குப் போட்டியாகத் தன் சொந்த மின்னூர்தியை விற்கும் ஹீரோ மோட்டோகார்ப், அவ்வாண்டு இறுதியில் தன் நிலையங்களையும் ஏத்தரின் நிலையங்களையும் இருதரப்பு ஊர்திகளும் பயன்படுத்த வழிசெய்தது.

ஒசூர் அமைந்துள்ள அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை இருக்கிறது. அந்நிறுவனம் 2021-இல் தனக்கென ஒரு தனி மின்னேற்ற வலையமைப்பை அறிவித்தே களத்தில் இறங்கியது. ஒரே மாவட்டத்தில் பிறந்த இரு ஊர்திகள் இரு வேறு வழிகளில் புறப்பட்டன. இரண்டின் மின்கலங்களும் சிறியவை. வீட்டில் உள்ள மூன்றுமுனைத் துளையிலேயே இரவில் நிரப்பிவிடலாம். ஆகவே வாசலில் ஊர்தியை நிறுத்தும் வீட்டுக்காரருக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, தெருவோரத்தில் ஊர்தியை நிறுத்தி, நாள் முழுதும் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து செல்லும் இளைஞருக்கு வீட்டுக் கிணறு இல்லை. எந்தச் செருகி எந்தத் தெருவில் கிடைக்கும் என்பதைப் பார்த்தபின்னரே அவர் தம் ஊர்தியைத் தேர்ந்தெடுக்கிறார்.